சேர்க்கப்படாதவை

போனிலேயே விலை சொன்னார் முதல் ஆள்.
"ரெண்டு பெட்ரூம்தானே மேடம்,
பதினாறாயிரம். முடிச்சிடலாம்."
அந்த முடிச்சிடலாமுக்குள்
என்னென்ன அடக்கம் என்று கேட்க
அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சித்தூர் ரோட்டிலிருந்து வெங்கடேசலு வந்தார்.
சத்துவாச்சாரி வெயிலில் மூன்று மாடி.
வணக்கத்தின் பாதி மூச்சாகவே வந்தது.
இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு
கூடத்தில் நின்றபடியே
பிரிட்ஜ், பீரோ, கட்டில் என்று கண்ணால் தொட்டு
கார்பன் வைத்த தாளில் எழுதினார்:
இருபத்திநாலு.
அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி
மாடிக்கூலி தனி, டோல் தனி,
வரி தனி, வண்டி காத்திருந்தால் தனி.
"எல்லாம் தனின்னா எதுங்க சேர்த்தி?"
"வண்டிம்மா" என்றார்.
பாவம், பொய் சொல்லவில்லை.

மூன்றாவதாக முபீனா.
காட்பாடி ஆபீஸில் சேர்ந்து எட்டு மாதமாம்.
கையில் இன்ச் டேப்.
அலமாரியைத் திறக்கலாமா என்று கேட்டுத் திறந்தாள்.
கட்டிலுக்கடியில் குனிந்தாள்.
பரணில் செல்போன் வெளிச்சம் அடித்து
"ஏழு பெட்டி, ஒரு தையல் மெஷின்" என்றாள்.
"அது ஓடாதும்மா."
"ஓடலைன்னாலும் வெயிட் இருக்குமேக்கா."

பிறகு ஒரு தாளை நீட்டினாள்.
பொருளின் மதிப்பை நானே எழுத வேண்டுமாம்.
உடைந்தால் அந்தத் தொகைக்குத்தான் பேச்சு.
கிரைண்டருக்கு மூவாயிரம் எழுதி
அடித்து ஆயிரத்து ஐந்நூறு போட்டேன்.
ஒரு பழைய கிரைண்டரிடம்
இவ்வளவு கூச்சப்படுவேன் என்று நினைக்கவில்லை.

கடைசியாகத்தான் கேட்டாள்,
மற்ற இரண்டு பேரும் கேட்காததை.
"இறங்குற இடத்துல எத்தனாவது மாடி?
லிஃப்ட் இருக்கா?
தெருவுக்குள்ள லாரி வருமா?"

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன்.
குமரவேல் நாலு மாதமாக அங்கே இருக்கிறார்.
அட்வான்ஸ் கொடுத்து மூன்று நாள் ஆகிறது.
"ராத்திரிதான் பாத்தேன்" என்றார்.
"மாடிதான். ரெண்டோ, மூணோ.
இப்ப எதுக்கு அதெல்லாம்?"
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
முபீனா டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டுக்குள் வரும் என்றாள்.
"இவ்வளவு இடைவெளியா?"
"தெரியாததுக்கும் ஒரு விலை போட்டுத்தான் ஆகணும்க்கா.
மத்தவங்களும் போட்டுத்தான் வெச்சிருப்பாங்க.
சாமான் வண்டியில ஏறினப்புறம் சொல்லுவாங்க."

ராத்திரி கரண்ட் போய்விட்டது.
மொட்டை மாடியில் உட்கார்ந்து
முதல் ஆளின் பதினாறாயிரத்தை விரித்துப் பார்த்தேன்.
மாடிக்கூலி மூவாயிரம்,
அட்டை, ஸ்பாஞ்சு, டேப் நாலாயிரத்து ஐந்நூறு,
டோல் இரண்டாயிரத்து இருநூறு,
அங்கே இறக்க மூவாயிரம்,
எல்லாவற்றின் தலையிலும் பதினெட்டு சதவீதம்.
முப்பத்துமூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
மனுஷன் பாதி விலையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி லேபில்
பன்னிரண்டு வருஷமாக ரத்தம் எண்ணுகிறேன்.
வெள்ளி தாண்டி ராஜினாமா கொடுக்க வேண்டும்.
மூன்று தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று.

வெங்கடேசலு தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது.
குமரவேலுக்கு எழுதினேன்:
எத்தனாவது மாடி?
தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை?
அந்த ஊரில் எனக்கு என்ன வேலை, யாரிடம் பேசினீர்கள்?
வருவேன். ஆனால் பதில் எழுத்தில் வேண்டும்.
வாய்விலை எனக்கு ஆகாது.
படம் எடுத்து அனுப்பினேன்.
இரண்டு டிக் விழுந்தது.

பட்டியலை எடுத்துத் தையல் மெஷினை அடித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
அதே வரிக்கு மேலே,
மறுபடி எழுதினேன்.